மாற்றுத் தாரைச் சோதித்து அறிக்கை வாங்குவது எப்படி? டெல்டாவில் புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வைக்கோலிலிருந்து பிரித்த லிக்னின் (தாவர நார்களைப் பிணைத்து வைக்கும் பொருள்), உமியையோ வைக்கோலையோ காற்றில்லாமல் சுட்டு எடுத்த உயிரி எண்ணெய், பழைய டயர்த் தூள், நெகிழிக் கழிவு ஆகியவற்றில் ஒன்றைத் தாரோடு சேர்த்துச் சாலை போட முடியுமா என்று கேட்டு வருபவர்களில் பொறியியல் மாணவர்கள், அரிசி ஆலைக்காரர்கள், சிறு ஒப்பந்ததாரர்கள் என எல்லாரும் இருக்கிறார்கள். இப்படிக் கலந்த தாரைத்தான் மாற்றுத் தார் என்கிறேன். நானும் திருவாரூர்ப் பக்கம் சிறு சாலைப் பணிகள் எடுத்துச் செய்கிறவன். வைக்கோல் லிக்னின் கலந்த தாரைச் சோதித்து ஒரு முறையான அறிக்கை வாங்க நான் பட்ட அலைச்சலை இன்னொருவர் படக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2024 டிசம்பரில் நாக்பூர் அருகே மான்சரில், தேசிய நெடுஞ்சாலை 44-ல் லிக்னின் கலந்த உயிரித் தார் போட்ட சாலைப் பகுதி திறக்கப்பட்டது. அந்தச் செய்தியை நறுக்கிக் கோப்பில் வைத்துக்கொண்டு அலுவலகங்களுக்குப் போகிறவர்கள் உண்டு. போகாதீர்கள். அங்கே போட்டது அவர்களுடைய கலவை. உங்கள் கலவைக்கு உங்கள் அறிக்கைதான் பேசும். அதைவிட முக்கியம், நம் ஊர்ச் சாலையைக் கெடுப்பதில் வெயிலைவிடத் தண்ணீருக்குப் பங்கு அதிகம். களிமண் நிலம், வாய்க்கால் கரை, ஐப்பசி கார்த்திகையில் வாரக்கணக்கில் வடியாத நீர். ஆகவே தண்ணீரை மனத்தில் வைத்தே சோதனைகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன். பணம் குறைவாகக் கேட்கும் சோதனைகள் முதலில், அதிகம் கேட்பவை கடைசியில்.

1. உங்கள் பொருள் தாரில் சேர்கிறதா, ஜல்லியில் சேர்கிறதா?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் ஆய்வகத்துக்குப் போனால் கட்டணம் வீண். லிக்னின், உயிரி எண்ணெய், டயர்த் தூள் ஆகியவை பெரும்பாலும் தாரோடு நேரடியாகக் கலக்கப்படுகின்றன. கலந்து வருவதைத் தனியாக எடுத்துச் சோதிக்கலாம். நெகிழிக் கழிவு அப்படியல்ல. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கிய உலர் முறையில், துருவிய நெகிழியைச் சூடான ஜல்லி மேல் தூவுவார்கள். அது உருகிக் கல்லின் மேல் பூச்சாகப் படிந்த பிறகுதான் தார் ஊற்றப்படும். இந்த முறையில் தாருக்குத் தனியாக ஊடுருவல் சோதனை (தாரில் ஊசி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பது) செய்வதில் பொருளே இல்லை. பூசிய ஜல்லியையும் முழுக் கலவையையும்தான் சோதிக்க வேண்டும். இதற்கு ஐ.ஆர்.சி. (இந்தியச் சாலைக் காங்கிரஸ்) வெளியிட்ட எஸ்.பி. 98 என்ற வழிகாட்டு நூல் உள்ளது. தாரின் எடையில் 6 முதல் 8 சதவீத நெகிழி என்பது அதன் கணக்கு. பி.வி.சி. கலக்கவே கூடாது. சூட்டில் அது விடும் வாயு நஞ்சு.

நெகிழி வழியில் போகிறவர்கள் மூன்றாம் படியைத் தாண்டிவிடலாம். ஏழாம் படியில் மூன்றாவது சுற்று மட்டும் போதும்.

லிக்னின் வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பழுப்புத் தூள்களில் பல, லிக்னோசல்போனேட் வகை. அது தண்ணீரில் கரையும். ஒரு கரண்டித் தூளைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். தண்ணீர் டீ டிக்காஷன் நிறத்துக்கு மாறி, அடியில் எதுவும் தங்கவில்லை என்றால் அந்த மூட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மழையில் கரையும் பொருளைச் சாலையில் போட நமக்கு என்ன வேலை?

2. ஒப்பீட்டுத் தாரை முதலில் கைப்பற்றுங்கள்

மாற்றுத் தாரின் எண் மட்டும் எதையும் சொல்லாது. அதே நாளில், அதே ஆய்வகத்தில், எதுவும் கலக்காத சாதாரணத் தாரின் எண் பக்கத்தில் இருந்தால்தான் அதற்குப் பொருள். எனவே எந்தத் தாரில் கலக்கிறீர்களோ அதே டேங்கரில் பிடித்த தாரைக் கலக்காமலும் தகர டின்னில் எடுத்து வையுங்கள். டேங்கரோடு வரும் சுத்திகரிப்பு ஆலையின் தரச் சான்றிதழ் நகலை ஹாட் மிக்ஸ் பிளாண்ட் (ஜல்லியையும் தாரையும் சூடாகக் கலக்கும் ஆலை) மேலாளரிடம் அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் கிடைக்காது. அது பில்லோடு எங்கோ போயிருக்கும்.

எந்தத் தரத் தாரில் கலப்பது என்பதும் இங்கேயே முடிவாக வேண்டும். வி.ஜி. என்பது பாகுத்தன்மையை வைத்துத் தாரைத் தரம் பிரிக்கும் முறை; எண் கூடக் கூடத் தார் கெட்டி. லிக்னின் தாரைக் கெட்டிப்படுத்தும், ஆகவே வி.ஜி. 10 போன்ற இளகிய தாரில் கலந்து பார்ப்பது நல்லது. உயிரி எண்ணெய் தாரை இளக்கும், அதற்கு வி.ஜி. 40 பொருந்தும். இரண்டுக்கும் பொதுவாக, கைக்குக் கிடைத்த வி.ஜி. 30-இல் ஊற்றிவிட்டு முடிவைப் பார்த்து வருந்துகிறவர்களே அதிகம்.

3. கலக்கும்போது: ஈரமும் குறிப்பேடும்

உயிரி எண்ணெயில் தண்ணீர் இருக்கும். வைக்கோலிலிருந்து எடுத்த லிக்னினிலும் ஈரம் தங்கும். நூறு டிகிரியைத் தாண்டிய தாரில் அதை ஒரேயடியாகக் கொட்டினால் நுரைத்துப் பொங்கிப் பாத்திரத்துக்கு வெளியே வழியும். கையில் பட்டால் தோலோடு ஒட்டும். முதலில் பொருளைத் தனியாக உலர்த்துங்கள். எடை இனி குறையவில்லை என்று ஆகும்வரை உலர்த்த வேண்டும். பிறகு பாத்திரத்தில் பாதி மட்டும் தார் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். முழுக்கை உறை, முகத் தடுப்பு, திறந்த வெளி மூன்றும் கட்டாயம். சுடுதார் கையில் பட்டுவிட்டால் குளிர்ந்த தண்ணீரை நெடுநேரம் ஊற்றுங்கள். தாரைப் பிய்த்து எடுக்க முயலாமல் மருத்துவரிடம் போங்கள்.

ஒவ்வொரு கலவைக்கும் ஒரு தொகுதி எண் கொடுங்கள். தாரின் எடை, பொருளின் எடை, கலக்கத் தொடங்கிய வெப்பநிலை, முடித்த வெப்பநிலை, கலக்கியின் வேகம், நேரம் அத்தனையையும் எழுதிக் கையொப்பமிடுங்கள். பின்னால் வரும் எல்லாக் காகிதங்களும் இந்தக் குறிப்பேட்டின் மேல்தான் நிற்கும்.

4. ஆய்வகத்துக்கு முன் தண்ணீர்ச் சோதனை

ஐ.எஸ். என்னும் இந்தியத் தர விதிகளில் 6241 சொல்லும் உரிதல் சோதனை (தண்ணீரில் தார் கல்லை விட்டுக் கழல்கிறதா என்று பார்ப்பது) எளியது. 20 மி.மீ. சல்லடையில் இறங்கி 12.5-இல் தங்கும் ஜல்லியில் 200 கிராம், அதன் எடையில் 5 சதவீதம் தார். சூடாக்கிக் கலந்து, ஆறவிட்டு, 40 டிகிரி தண்ணீரில் 24 மணி நேரம் மூழ்க வைத்து, எத்தனை சதவீதம் தார் உரிந்தது என்று கண்ணால் மதிப்பிட வேண்டும். வெப்பநிலையைப் பிடித்து வைக்கும் தண்ணீர்த் தொட்டி உள்ள பாலிடெக்னிக் ஆய்வகம் எதுவும் போதும்.

டெல்டாவில் பாறை கிடையாது. ஜல்லி புதுக்கோட்டை, கரூர்ப் பக்கங்களிலிருந்து வருகிறது. சிலிக்கா மிகுந்த கல் அது. தாரைவிடத் தண்ணீரை விரும்பும் கல். ஆகவே பக்கத்துக் கடை ஜல்லியில் அல்ல, நீங்கள் சாலையில் போடப் போகும் குவாரியின் ஜல்லியில்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

மறுநாள் குவளையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். தார் முதலில் கல்லின் தட்டையான முகத்தை விடாது; கூரான விளிம்பிலிருந்துதான் பின்வாங்கும். அங்கே ஊசித்தலை அளவுக்கு வெளிர்சாம்பல் நிறம் தெரியும். சில கற்களில் அந்தப் புள்ளி விளிம்போடு ஓடி ஒரு கோடாகியிருக்கும். பக்கத்துக் குவளையில் சாதாரணத் தாரில் புரண்ட கற்களோடு ஒப்பிட்டால் உங்கள் கலவை எங்கே நிற்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். தேசிய நெடுஞ்சாலை விவரக்குறிப்பில் குறைந்தது 95 சதவீதம் பூச்சு தங்க வேண்டும். தங்கவில்லை என்றால் நீற்றுச் சுண்ணாம்போ உரிதல் தடுப்பு மருந்தோ சேர்த்து மீண்டும் பாருங்கள். அதிலும் தேறாவிட்டால் அடுத்த படிக்குப் பணம் கட்டாதீர்கள்.

விதி காய்ச்சி வடித்த நீரைத்தான் கேட்கிறது. நாகை, வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளுக்குச் சாலை போடுகிறவர்கள் அந்த ஊர் நிலத்தடி நீரிலும் கூடுதலாக ஒரு குவளை வைத்துப் பார்த்துவிடுங்கள். அறிக்கையில் இடம்பெறாது, ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

5. ஆய்வகத்தைத் தேர்ந்தெடுப்பது

என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் என்று பலகையில் இருந்தால் மட்டும் போதாது. அங்கீகாரம் ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனி. கான்கிரீட் சோதனைக்கு அங்கீகாரம் வாங்கிய இடத்தில் தார்ச் சோதனைக்கு இல்லாமல் இருக்கலாம். என்.ஏ.பி.எல். இணையதளத்தில் ஆய்வகத்தின் பெயரைப் போட்டால் எந்தெந்தச் சோதனைக்கு, எந்தத் தேதி வரை அங்கீகாரம் என்ற பட்டியல் வரும். அதைத் தரவிறக்கிக் கையில் வைத்துக்கொண்டு தொலைபேசியில் கேளுங்கள்: ‘இந்தச் சோதனையின் அறிக்கையில் யு.எல்.ஆர். எண் வருமா?’ அங்கீகாரம் பெற்ற சோதனையின் அறிக்கைக்கு மட்டும் தரப்படும் தனி எண் அது. வராது என்றால் அந்த அறிக்கை உங்கள் படிப்புக்கு உதவும், அலுவலகத்தில் உதவாது.

அடிப்படைச் சோதனைகளுக்குத் திருச்சி, தஞ்சை வட்டாரப் பொறியியல் கல்லூரிகளே முதல் இடம். இயங்கியல் துணிப்புமானி (டைனமிக் ஷியர் ரியோமீட்டர்) போன்ற உயர்நிலைக் கருவிகளுக்குத் திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களில் விசாரிக்க வேண்டும். மாணவர் என்றால் உங்கள் துறைத் தலைவரின் கடிதத்தோடு போங்கள். கல்விக் கட்டணம் என்று தனியாக இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

6. காகிதங்கள்

இங்கே தடுக்கி விழுகிறவர்களே அதிகம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மாதிரியோடு போக வேண்டியவை: முகப்புக் கடிதம், மூலத் தாரின் தரச் சான்றிதழ் நகல், கலந்த பொருளின் பாதுகாப்பு விவரத்தாள், கலவைக் குறிப்பேட்டின் நகல், ஜல்லி வாங்கிய குவாரியின் பில், உங்கள் ஜி.எஸ்.டி. எண் இருந்தால் அது. பாதுகாப்பு விவரத்தாள் இல்லாமல் பார்சல் நிறுவனம் டின்னை எடுக்க மறுக்கலாம். ஆய்வகமும் திறக்க மறுக்கலாம்.

முகப்புக் கடிதத்தில் ஒரு வாக்கியம் உங்கள் விதியையே மாற்றும். ‘ஐ.எஸ். 73-க்கு இணங்குகிறதா என்று சான்றளிக்கவும்’ என்று எழுதாதீர்கள். அந்த விதி எதுவும் கலக்காத தாருக்கானது. ட்ரைகுளோரோஎத்திலீனில் 99 சதவீதம் கரைய வேண்டும் என்கிறது. லிக்னினும் டயர்த் தூளும் அதில் கரையாது. கலவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் ‘இணங்கவில்லை’ என்ற ஒற்றை வரியோடு அறிக்கை வரும், அந்த வரியை மட்டுமே எல்லாரும் படிப்பார்கள். அதற்குப் பதிலாக, ‘கீழ்க்கண்ட முறைகளின்படி சோதித்து மதிப்புகளை மட்டும் அளிக்கவும்’ என்று எழுதி, ஒவ்வொரு சோதனைக்கும் எதிரே அதன் ஐ.எஸ். எண்ணைக் குறிப்பிடுங்கள். டயர்த் தூள் கலந்த தாருக்குத் தனி விதியே இருக்கிறது: ஐ.எஸ். 17079. பாலிமர் கலந்ததற்கு ஐ.எஸ். 15462.

அறிக்கையில் உங்கள் தொகுதி எண் அச்சாகி வர வேண்டும் என்பதையும் கடிதத்திலேயே கேளுங்கள். எனக்கு வந்த முதல் அறிக்கையில் ‘வாடிக்கையாளர் கொடுத்த கருப்பு நிறப் பொருள்’ என்றுதான் இருந்தது. எந்தக் கலவை என்று நிரூபிக்க வழியில்லை என்று சொல்லி அதைத் திருப்பிவிட்டார்கள். திருத்திய அறிக்கை வாங்க மீண்டும் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது.

டின்னின் மேல் ஒட்டும் தாள் எண்ணெயில் கழன்றுவிடும். தொகுதி எண்ணை உடம்பிலும் மூடியிலும் ஆணியால் கீறிவிடுங்கள்.

7. கேட்க வேண்டிய சோதனைகள்

தாருக்கான முதல் சுற்று: ஊடுருவல் (ஐ.எஸ். 1203), மென்மையாகும் வெப்பநிலை (ஐ.எஸ். 1205), நீட்சி (ஐ.எஸ். 1208), தீப்பற்று வெப்பநிலை (ஐ.எஸ். 1209), பாகுத்தன்மை. ஒப்பிட வசதியாக வி.ஜி. 30-க்கு வேண்டியவை: ஊடுருவல் 45-க்குக் குறையாமல், மென்மையாதல் 47 டிகிரிக்குக் குறையாமல், தீப்பற்று நிலை 220 டிகிரிக்குக் குறையாமல், 60 டிகிரியில் பாகுத்தன்மை 2400 முதல் 3600 பாய்ஸ் வரை. தீப்பற்று நிலையை விட்டுவிடாதீர்கள். உயிரி எண்ணெயில் இலகுவாக ஆவியாகும் பகுதிகள் இருந்தால் அது சரேலென்று இறங்கும். பிளாண்ட் உரிமையாளர் முதலில் கேட்கப் போவதும் அதைத்தான்.

பாகுத்தன்மைக்குக் கண்ணாடி நுண்குழாய் முறை வேண்டாம். கரையாத துகள்கள் குழாயை அடைக்கும், எண் தாறுமாறாக வரும். சுழல்முறைப் பாகுமானி இருக்கிறதா என்று கேளுங்கள்.

இரண்டாம் சுற்றுதான் மாற்றுத் தாரை உண்மையில் சோதிக்கும். சுழல் படல அடுப்பில் 163 டிகிரியில் 85 நிமிடம் சுழற்றுவார்கள்; பிளாண்ட்டில் தார் படும் பாட்டை இது காட்டும். அதற்கு முன்னும் பின்னும் எடை, பாகுத்தன்மை இரண்டையும் கேளுங்கள். வி.ஜி. தார்களில் 60 டிகிரிப் பாகுத்தன்மை நான்கு மடங்குக்கு மேல் ஏறக் கூடாது. உயிரி எண்ணெய்க் கலவைகள் பல இங்கேதான் தோற்கின்றன: புதிதாக இருக்கும்போது இளகி, ஒரு சூட்டிலேயே இறுகிவிடும்.

அடுத்தது பிரிதல் சோதனை. மெல்லிய அலுமினியக் குழாயில் தாரை ஊற்றிச் சூட்டில் நிறுத்தி வைத்து, உறைய வைத்து, மூன்றாக வெட்டி, மேல் துண்டும் கீழ்த் துண்டும் எந்த வெப்பத்தில் மென்மையாகின்றன என்று பார்ப்பார்கள். பாலிமர் கலந்த தார்களுக்கு இந்த வேறுபாடு 3 டிகிரிக்குள் இருக்க வேண்டும். லிக்னினும் டயர்த் தூளும் அடியில் படியும் குணம் உள்ளவை. வேறுபாடு அதிகம் வந்தால் கலவை கெட்டது என்று பொருளல்ல. டேங்கரில் ஏற்றிச் சேமிக்க முடியாது, பிளாண்ட்டிலேயே கலந்து அன்றே போட வேண்டும் என்று பொருள். கலக்கி பொருத்திய தனித் தொட்டிக்கான செலவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சுற்று, முழுக் கலவை. மார்ஷல் சோதனைக்கு (உருளை வில்லையாக இடித்த கலவை எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று பார்ப்பது) ஐந்து தார் அளவுகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று வில்லைகள், ஆக 15. நீர் தாங்கும் இழுவிசைச் சோதனைக்கு இன்னும் 6. உங்கள் கலவைக்கு 21, சாதாரணத் தாருக்கு 21, ஆக 42 வில்லைகள். ஒரு வில்லைக்குச் சுமார் 1.2 கிலோ ஜல்லி என்றால் 50 கிலோ. சலித்தெடுக்கும்போது கழிவதையும் சேர்த்து 80 கிலோவுக்குக் குறையாமல் கொண்டு போங்கள். தார், ஒவ்வொரு வகையிலும் 5 கிலோ. அதில் ஒரு கிலோ டின்னைத் திறக்காமல் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஜல்லி தீர்ந்து வேறு லோடிலிருந்து எடுத்தால் ஒப்பீடே போய்விடும்.

வி.ஜி. 30 அடர்கலவைக்கு நிலைப்புத்தன்மை 9 கிலோநியூட்டனுக்குக் குறையாமல், பாய்வு 2 முதல் 4 மி.மீ., காற்றிடைவெளி 3 முதல் 5 சதவீதம், நனைத்த வில்லையின் இழுவிசை நனைக்காததில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் வர வேண்டும். மார்ஷல் எண் அழகாக வந்ததும் கொண்டாடிவிடாதீர்கள். லிக்னின் கெட்டிப்படுத்துவதால் அந்த எண் ஏறத்தான் செய்யும். நம் மண்ணுக்கு அந்த 80 சதவீதம்தான் தேர்வு. ஊராட்சிச் சாலைகளில் பெரும்பாலும் போடும் 20 மி.மீ. முன்கலவைக் கம்பளத்துக்கு (மெல்லிய தார் மேலடுக்குக்கு) மார்ஷல் கேட்பதில்லை. அங்கே நான்காம் படியின் உரிதல் முடிவுதான் உங்கள் கையிலுள்ள ஒரே துணை.

8. செலவும் காலமும்

கட்டணப் பட்டியலைக் கேட்கும்போது மூன்று கேள்விகள்: இது ஒரு சோதனைக்கா, ஒரு மாதிரிக்கா? 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்ததா? ஜல்லி சலிக்கும் கூலி தனியா? ஒப்பீட்டுத் தார் இன்னொரு மாதிரி என்பதால் எல்லாக் கட்டணமும் இரட்டிப்பாகும். செலவைக் குறைக்க அதை வெட்டச் சொல்வார்கள்; வெட்டாதீர்கள். கலவை விகிதங்களை வெட்டுங்கள். நான்கு விகிதங்களில் கலந்திருந்தால் நான்கையும் முதல் சுற்றுக்கு மட்டும் அனுப்பி, தேறிய ஒன்றை மட்டும் மார்ஷலுக்கு அனுப்பினால் போதும். பணத்தை எப்போதும் நிறுவனத்தின் கணக்கிலேயே கட்டி ரசீது வாங்குங்கள்.

முதல் சுற்று வேலை இரண்டு மூன்று நாளில் முடியக்கூடியது. நீர் தாங்கும் சோதனைக்கு மட்டும் கலவையைப் பழுக்க வைப்பது, உறைய வைப்பது, 60 டிகிரித் தண்ணீரில் 24 மணி நேரம் வைப்பது என ஏறக்குறைய ஒரு வாரம் போகும். ஆனால் உண்மையான தாமதம் வரிசையில்தான். மார்ச் மாதத்தில் நிதியாண்டுப் பில்களுக்காக ஒப்பந்ததாரர்களின் மாதிரிகள் குவியும். பருவத் தேர்வு மாதங்களில் கல்லூரி ஆய்வகம் மாணவர்களுக்குப் போய்விடும். சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் வைக்கோல் மலிவாகக் கிடைக்கும்போதே எடுத்து உலர்த்திச் சேமித்து, ஜூன், ஜூலையில் மாதிரி கொடுத்தால் ஓரளவு வேகமாக நடக்கும்.

9. சோதனைச் சாலை

அரசுச் சாலையில் போட வேண்டுமானால் அது யாருடையது என்று முதலில் உறுதி செய்யுங்கள். ஊராட்சி ஒன்றியத்துடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று தெரியாமல் கொடுத்த மனு மேசை மேசையாகச் சுற்றும். உரிய பொறியாளரிடம் ஆய்வக அறிக்கைகள், கலவை வடிவமைப்பு, சாலை கெட்டால் உங்கள் செலவில் பெயர்த்துப் போடுவதாக ஓர் உறுதிமொழி ஆகியவற்றோடு போங்கள். உறுதிமொழி இல்லாமல் யாரும் கையெழுத்திட மாட்டார்கள்; அதில் நியாயமும் இருக்கிறது.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது அரிசி ஆலை வளாகத்தைத்தான். நெல் லோடு லாரிகள் தினமும் ஏறி இறங்கும், அனுமதிக்கு ஒருவரிடம் பேசினால் போதும், பழுது தெரிந்தால் அன்றே சொல்வார்கள். மாற்றுத் தார் ஒரு பாதி, சாதாரணத் தார் மறுபாதி. அதே நாள், அதே பிளாண்ட், அதே ரோலர். இரண்டு பாதிக்கும் வடிகால் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் தேங்கினால் ஒப்பீடு செத்தது. அடியில் களிமண் உப்பி மேலே வெடித்தால் அதைத் தாரின் குற்றமாக எழுதிவிடுவார்கள் என்பதால், அடித்தளம் கெட்டியாக இருக்கும் இடத்தையே தேர்ந்தெடுங்கள்.

பிளாண்ட்காரர் சிறு லோடுக்குச் சம்மதிக்க மாட்டார். குறைந்தபட்ச லோடுக்கான பணத்தையும் தொட்டியைக் கழுவும் செலவையும் முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். முழுத் திட்டத்திலும் பெரிய செலவு இதுவாகத்தான் இருக்கும். லாரியில் வரும் கலவையின் சூட்டை இறக்கும்போது அளந்து எழுதுங்கள், வி.ஜி. 30 கலவை விரிக்கும்போது 140 டிகிரிக்குக் குறையக் கூடாது. புதுக்கோட்டையிலிருந்து வேதாரண்யம் வருவதற்குள் அது எவ்வளவு இறங்கும் என்பதை முதல் லோடிலேயே பார்த்துவிடலாம்.

ஆவணிக்குள் போட்டுவிடுங்கள், வடகிழக்குப் பருவமழை முழுவதும் அதன் மேல் பெய்யட்டும். புரட்டாசியில் ஒரு முறையும், தண்ணீர் வடிந்த பிறகு தையில் ஒரு முறையும் அதே இடங்களில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். இரு பாதியிலும் துளையிட்டு வில்லை எடுத்து இழுவிசை பாருங்கள். பொறியாளரிடம் மறுபடி போகும்போது முன்பு கொடுத்த அறிக்கைகளோடு இந்த எண்களையும் சேர்த்துக் கொடுங்கள். திறக்காமல் வைத்த அந்த ஒரு கிலோ டின்னை அதுவரை வெயில் படாத இடத்தில் வைத்திருங்கள். முடிவில் சந்தேகம் எழுந்தால் மறுசோதனைக்குக் கொடுக்க அது ஒன்றுதான் இருக்கும்.